பேனல் பெட்டியில் பச்சைப் பொட்டலம்

தொழிலாளர் துறை ஆய்வாளர் சீல் காகிதத்தை பிளேடால் கீறினார். பேனல் பெட்டியின் இரும்புக் கதவு முனகிக்கொண்டு திறந்தது.

“சாயங்காலம் வரைக்கும் பாருங்க. நாளைக்குப் பெட்டியைக் கழட்டிக் கிடங்குக்கு எடுத்துட்டுப் போறோம். அப்புறம் கோர்ட்டுல போட்டோவாத்தான் பார்க்க முடியும்.”

சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துத் திறந்தார். வறுத்த பன்றிக்கறி வாசனை எண்ணெய் வாசனையோடு கலந்தது.

துங் யாச்சின் பெட்டிக்கு முன்னால் நின்றாள். தைச்சுங் நகரத்தில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். எந்தப் புருஷன் எந்த லாட்ஜுக்குள் நுழைகிறான் என்று பெண்டாட்டிமாருக்குப் பார்த்துச் சொல்வதில்தான் அவள் பிழைப்பு ஓடியது. ஒரு பெட்டியைத் துப்பறிய வந்தது இதுதான் முதல் தடவை.

பின்னால் கிம்ஹோக், கன்னத்தில் பாக்கை அதக்கியபடி. அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவன். டாக்ஸி ஓட்டி முதுகு போனபின் அவளிடம் உதவியாளாகச் சேர்ந்தவன். முதுகு போனாலும் வாய் போகவில்லை.

“பாஸ், இதுல யாரு ஓடிப்போனது?”

“ஒரு வயர் அண்ணே.”

“யாரோட?”

“அதைத்தான் பார்க்கணும்.”

தைச்சுங்கை ஒட்டிய ஷென்காங்கில் வயல்களுக்கு நடுவே நெருக்கியடித்து நிற்கும் தகரக் கொட்டகைகளில் முதலாளி சுவாங்கின் பட்டறையும் ஒன்று. சைக்கிள் பெடல் கிராங்குகளில் துளை போடும் பட்டறை. நடுவில் நின்ற இயந்திரத்தின் தலை முன்னூறு கிலோ. அதை மேலும் கீழும் ஏற்றி இறக்குவது ஒரு சர்வோ மோட்டார். அந்த மோட்டாருக்கு எப்போது எவ்வளவு கரண்ட் என்று தீர்மானிப்பது பேனல் பெட்டிக்குள் இருக்கும் டிரைவ். இப்போது அந்தத் தலைக்கு இரண்டு மரக்கட்டைகள் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தன.

போன மாதம் முட்டு இல்லை. முதலாளியின் ஒரே மகன் யூஹான், இருபத்தொன்பது வயது, சிவப்பு பட்டனை அமுக்கி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சிக்கிய கிராங்கை எடுக்கக் குனிந்தான். நிறுத்திய இயந்திரத்தின் தலை அவன் மேல் இறங்கியது.

பெட்டிக்கு வயரிங் செய்தவர் வெங். சுவாங்கும் அவரும் பையன்களாக ஒரே மோட்டார் கடையில் தொழில் பழகியவர்கள். ஐம்பது வருஷ சிநேகம். இப்போது அதே சுவாங் கொடுத்த புகாரில், அஜாக்கிரதையால் உயிர் போகக் காரணமானவர் என்று வெங் மேல் வழக்கு வரப்போகிறது. ஜெயில் நிச்சயம் என்றார் வக்கீல். யாச்சினை வேலைக்கு வைத்தது வெங்கின் மகள். அவள் சொன்னது ஒன்றுதான்: “அப்பா வாயே திறக்க மாட்டேங்கிறார். தான் செஞ்சதுன்னும் சொல்லல, செய்யலைன்னும் சொல்லல.”

வெங் கொட்டகை வாசலில் கவிழ்த்த பெயின்ட் வாளி மேல் உட்கார்ந்திருந்தார். ஒல்லி. விரல் நுனிகள் எல்லாம் வெட்டுத் தழும்பு.

“வெங் அண்ணே, இந்த மக்குக்குக் கொஞ்சம் விளக்குங்க,” என்று கிம்ஹோக்கைக் காட்டினாள் யாச்சின்.

வயரைப் பற்றிக் கேட்டால் அவர் பேசுவார் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எழுந்து வந்தார்.

“தடியா மூணு போகுதுல்ல, அது மோட்டாருக்குக் கரண்ட். பச்சை மஞ்சள் எர்த். மேல சுத்தியிருக்கிற வலை, பக்கத்து வயரோட சிக்னலைக் கலைக்காம இருக்க. ஒல்லியா ரெண்டு, மோட்டார் சூடானா டிரைவுக்குச் சொல்ல. சூடு ஏறினா டிரைவ் தானா நிறுத்திடும். இந்த ரெண்டு சிவப்பு, பிரேக்குக்கு. மேல கீழ போற தலைக்கு பிரேக்தான் உசிரு. கரண்ட் கொடுத்தா பிரேக் விடும். கரண்ட் நின்னா ஸ்பிரிங் வந்து பிடிச்சுக்கும்.”

“என் பெண்டாட்டியும் அப்படித்தான்,” என்றான் கிம்ஹோக். “சம்பளம் நின்னா கழுத்தைப் பிடிச்சுக்குவா.”

வெங் சிரிக்கவில்லை. “பிரேக்குக்குப் போற கரண்ட் இந்த ரிலே வழியாப் போகணும். சிவப்பு பட்டனை அமுக்கினா ரிலே விழும். விழுந்தா கரண்ட் அறுந்து பிரேக் பிடிக்கும்.”

“இது?” யாச்சின் ஒரு நீல வயரைக் காட்டினாள். ரிலேயின் மேல் டெர்மினலிலிருந்து கீழ் டெர்மினலுக்கு, ஒரு சாண் நீளம், நேராக.

வெங் திரும்பிப் போய் வாளியில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் எழுதியிருக்கிறது அதைத்தான்மா,” என்றார் ஆய்வாளர், வாயில் சோற்றோடு. “ரிலேயைத் தாண்டி குறுக்கு வயர். ரிலே விழுந்தாலும் பிரேக்குக்குக் கரண்ட் போய்க்கிட்டே இருக்கும். வயரிங் செஞ்சது இவரு. ‘வெங்கைத் தவிர வேற யாராவது பெட்டியைத் தொட்டாங்களா’ன்னு முதலாளிகிட்ட கேட்டேன். ‘யாரும் இல்லை’ன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. இதுக்கு மேல என்ன?”

“முதலாளிகிட்ட வயரைக் காட்டினீங்களா?”

“எங்க காட்டுறது? அவரு இந்தப் பக்கமே வரலை. பையன் விழுந்த இடம். மேல ஆபீஸ்ல உட்கார்ந்தே, ‘பிரேக் வயரிங் தப்பாமே’ன்னு மட்டும் கேட்டாரு. ஆமான்னேன்.”

யாச்சின் பெட்டியை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிரேக்கர், டிரைவ், கரண்ட் சப்ளை, ரிலே. எல்லாவற்றுக்கும் அடியில், மூலையில், ஒரு பச்சைப் பொட்டலம். தேங்காய் வாசனைச் சோளப்பொரி. ‘சமத்தா இரு’ என்பதுதான் அதன் பெயர். இந்த ஊரில் அது இல்லாத இயந்திரம் கிடையாது. ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின் மேலும் இருக்கும், டோல் கேட் கம்ப்யூட்டர் மேலும் இருக்கும். அது இருந்தால் இயந்திரம் சொன்ன பேச்சு கேட்கும்.

அவள் பொட்டலத்தை எடுத்துத் திருப்பினாள்.

“பசிக்குதா பாஸ்?” என்றான் கிம்ஹோக். “மெஷினோட சாப்பாட்டில கை வைக்காதீங்க. எனக்கு வீடு போய்ச் சேரணும்.”

“சார், இதைப் பார்த்தீங்களா?”

ஆய்வாளர் நிமிர்ந்தார். “எல்லாப் பெட்டியிலயும் ஒண்ணு இருக்கும்மா. அதை என்ன பார்க்கிறது?”

“அதனாலதான் யாரும் பார்க்கல. வெங் அண்ணே, மெஷினை ஓட்டிக் கொடுத்தப்போ பொட்டலம் வெச்சீங்களா?”

“வைக்காம யார் ஓட்டிக் கொடுப்பா.”

“எப்போ?”

“ரெண்டு வருஷம் இருக்கும்.”

“இந்தப் பொரி கெடுறதுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. இதுக்கு ரெண்டு வருஷ ஆயுசு கிடையாது.”

ஆய்வாளரின் சாப்பாட்டுக் குச்சிகள் நின்றன.

கெட்டுப்போன பொட்டலத்தோடு இயந்திரத்தை ஓட்டினால் அது கோபித்துக்கொள்ளும் என்பதும் ஊருக்கே தெரிந்த விஷயம். பெட்டியைத் திறக்கிறவன் முதலில் பொட்டலத்தின் தேதியைத்தான் பார்ப்பான். பழசை எடுத்துப் புதுசை வைக்காமல் கதவைச் சாத்த மாட்டான். அப்படியானால் வெங்குக்குப் பின் இந்தக் கதவை யாரோ திறந்திருக்கிறார்கள். அதுவும் சமீபத்தில்.

வெங்குக்கு இது நல்ல செய்தி. அவர் முகத்தைப் பார்த்தாள். கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு வீசினால் அவன் அதைத் தள்ளிவிடுவதுபோல் இருந்தது அந்த முகம்.

“விட்டுடும்மா,” என்றார். “என் பொண்ணு கொடுத்ததை வெச்சுக்க. போயிடு.”

யாச்சின் பொட்டலத்தின் மடிப்பை விரித்தாள். மடிப்புக்குள் சாம்பல் ஒட்டியிருந்தது. நுனி விரலில் தொட்டு முகர்ந்தாள். ஊதுவத்திச் சாம்பல்.

“அண்ணே, இது கடையிலேருந்து நேரா பெட்டிக்கு வரலை. நடுவுல சாமியைக் கும்பிட்டுட்டு வந்திருக்கு.”

“என்னைவிட பக்தியான பொட்டலம்,” என்றான் கிம்ஹோக்.

•

கொட்டகைக்குப் பின்னால், வாய்க்கால் ஓரம், முழங்கால் உயரத்தில் நிலத்துச் சாமிக்கு ஒரு கோயில். முன்னால் மடக்கு மேசை. ஆரஞ்சு, பிஸ்கட், மூன்று கிண்ணம் தேநீர், வரிசையாகப் பச்சைப் பொட்டலங்கள். மாதத்தில் இரண்டு நாள் முதலாளி வீட்டுப் பெண்கள் எல்லாப் பட்டறையிலும் படையல் வைப்பார்கள். இன்று அந்த நாள் என்பதை யாச்சின் காரில் வரும்போதே புகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாள்.

சுவாங்கின் மனைவி ஷியூலான் தகர டின்னில் சாமிக்கான காகிதப் பணத்தை ஒவ்வொன்றாக எரித்துக்கொண்டிருந்தாள். மகன் போன பிறகும் படையல் நிற்கவில்லை. தொழிலாளிகள் நான்கு பேர் இருக்கிறார்களே, அவர்களைச் சாமி பார்க்க வேண்டாமா என்பாள்.

கிம்ஹோக் குனிந்து கும்பிட்டு நிமிரும்போது தலை சாமியின் சிவப்பு விளக்குச் சரத்தில் மாட்டியது. விளக்கு அணைந்தது. ஒரு வயர் டெர்மினலிலிருந்து நழுவித் தொங்கியது.

“அய்யய்யோ. சாமி, நான் வேணும்னு செய்யல. வேணும்னா இவங்க சம்பளத்துல பிடிச்சுக்குங்க.”

“பரவால்ல விடுங்க,” என்றாள் ஷியூலான். “திருகு லூசாயிருக்கும். எங்க வீட்டுக்காரர் போட்ட வயர் அது. நுனியை முறுக்கி ஈயம் வெச்சு முடிச்சிருப்பார். எதையும் ஈயம் வைக்காம விட மாட்டார். வெங் அண்ணன் எப்பவும் திட்டுவார், ஈயம் வெச்சா நாளாக நாளாகத் திருகு தளரும்னு. கேட்டாத்தானே.” அவள் முகத்தில் ஒரு கணம் பழைய சிரிப்பு வந்து போனது.

யாச்சின் அந்த வயர் நுனியைப் பார்த்தாள். ஆணிபோல் விறைத்து வெள்ளியாகப் பளபளத்தது. அப்புறம் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசையில், மற்றவற்றின் பக்கத்தில் வைத்தாள்.

“இது உங்க படையல்ல இருந்து போனதாம்மா?”

ஷியூலானின் கையிலிருந்த காகிதக் கட்டு மொத்தமாக டின்னில் விழுந்தது. புகை அடர்ந்து எழுந்தது. அவள் நகரவில்லை.

“யார் கேட்டாங்க, யாருக்குக் கொடுத்தீங்க?”

அவள் பொட்டலத்தின் மேல் கை வைத்தாள்.

“யூஹான்,” என்றாள். “அவன் போறதுக்கு முந்தின நாள் காலையில வந்தான். ‘அம்மா, பெட்டி திறந்து கிடக்கு, பொட்டலம் எப்பவோ கெட்டுப்போச்சு, புதுசு ஒண்ணு கொடு’ன்னான். இதோ இந்த மேசையிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன். மூணு தடவை ஊதுவத்திப் புகையில காட்டிட்டுப் போனான். சின்னப் பையன் மாதிரி.”

“அப்போ பெட்டியைத் திறந்தது அவர்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.” குரல் உடைந்தது. “ஒரு வாரமா அந்த மெஷின் நின்னு நின்னு ஓடிச்சு. மோட்டார் சூடுன்னு டிரைவ் அணைஞ்சுடும். சரக்கு போகணும். அவரு எல்லார் முன்னாடியும் பையனைக் கத்தினாரு. ‘நாலு வருஷம் காலேஜ்ல என்னடா பண்ணினே, ஒரு மெஷினை ஓட வைக்கத் தெரியல’ன்னு. மறுநாள் பார்த்தா மெஷின் ஓடுது. பெட்டியில புதுப் பொட்டலம். அதுக்கு அடுத்த நாள் என் பிள்ளை…”

கிம்ஹோக் பாக்கைத் துப்ப வாயெடுத்தவன், சாமி முன்னால் என்று நினைவு வந்து விழுங்கினான்.

“அவன்தான் அந்த வயரைப் போட்டிருக்கான்மா,” என்றாள் ஷியூலான். “அப்பன் ஏசினது பொறுக்காம போட்டிருக்கான். இதை நான் எப்படிச் சொல்லுவேன்? செத்தவன் மேல பழி. அதோட, அவருக்குத் தெரிஞ்சா? தான் கத்தினதுக்காகப் பிள்ளை இதைச் செஞ்சு செத்தான்னு தெரிஞ்சா, அவர் இருப்பாரா?”

“வெங் அண்ணன் ஜெயிலுக்குப் போவார்.”

“தெரியும்.” முந்தானையில்லாத அந்த வேலைச் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அவர் சம்சாரம் போனப்போ அந்தப் பொண்ணுக்கு அஞ்சு வயசு. பட்டறை இடைவேளையில நான்தான் தலை பின்னி விடுவேன். தெரியாமலா இருக்கு.”

திரும்பி நடக்கும்போது கிம்ஹோக் மெதுவாகச் சொன்னான். “கேஸ் முடிஞ்சுது பாஸ். முடிஞ்ச கேஸ் இவ்வளவு கசக்கும்னு எனக்குத் தெரியாது. லாட்ஜ் வாசல்லயே நின்னிருக்கலாம்.”

யாச்சின் நின்றுவிட்டாள். வந்த வழியே திரும்பினாள்.

“அம்மா, யூஹானோட டூல் பெட்டி எங்க இருக்கு?”

•

பெட்டி லேத்துக்கு அடியில் இருந்தது. யாரும் தொடாமல் தூசி படிந்திருந்தது. திறந்தாள். எல்லாம் அதனதன் பள்ளத்தில். வயர் நுனியில் மாட்டும் செம்பு லக்குகள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நிறம் பிரித்துச் சின்னச் சின்னக் குப்பிகளில். அவற்றை நசுக்கிப் பொருத்தும் பிளையர், கைப்பிடி தேய்ந்து. ஈயக் கம்பி இல்லை. பற்றவைக்கும் கோலும் இல்லை.

அவள் பேனல் பெட்டிக்குப் போனாள். ஆய்வாளரின் டார்ச்சை வாங்கி, குறுக்கே ஓடிய நீல வயரின் நுனியில் அடித்தாள். மற்ற எல்லா வயர்களின் நுனியிலும் லக். இதில் இல்லை. முறுக்கிய நுனி ஆணிபோல் விறைத்து, வெள்ளியாகப் பளபளத்தது.

கிம்ஹோக்கும் பார்த்தான். பின்பக்கத்துச் சாமி விளக்கு இருந்த திசைக்கு அவன் தலை தானாகத் திரும்பியது. 

“பொட்டலம் மகன் வெச்சது,” என்றாள் யாச்சின் தணிந்த குரலில். “திறந்து கிடந்த பெட்டியில வெச்சுட்டு மூடியிருக்கான். வயர் அவன் போட்டதில்ல.”

வெங் அவள் பின்னால் வந்து நின்றிருந்தார்.

“நீங்க முதல் நாளே பார்த்துட்டீங்க. அதான் பேசல.”

“கதவைச் சாத்தும்மா.”

“அண்ணே…”

“அந்த மோட்டார் சூடாகுதுன்னு சுவாங் எனக்குத்தான் போன் பண்ணினான். ரிலே தேஞ்சிருக்கும், பிரேக் பாதி பிடிச்சுக்கிட்டே ஓடுது, நான் வந்து மாத்துறேன்னேன். சாங்ஹுவாவுல வேற வேலை. நாளைக்கு வரேன், நாளைக்கு வரேன்னு தள்ளினேன். அதுல என் பங்கும் இருக்கு. அதோட விடு. அவன்கிட்ட மட்டும் சொல்லாதே.”

மாடி ஆபீஸின் இரும்புப் படிகள் அதிர்ந்தன.

சுவாங் இறங்கி வந்தார். அறுபத்து மூன்று வயது, அகலமான தோள், வலது கையில் இரண்டு விரல் பாதி. கடைசிப் படியில் ஒரு நிமிஷம் நின்றார். அதைத் தாண்ட அவருக்குச் சிரமமாக இருந்தது. தாண்டி வந்தார்.

“இவனை யார் உள்ள விட்டது?”

வெங் தலையைக் குனிந்துகொண்டார்.

“நான்தான் கூட்டிட்டு வந்தேன் முதலாளி,” என்றாள் யாச்சின். “ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டுப் போயிடறேன். வெங் அண்ணனைத் தவிர வேற யாராவது இந்தப் பெட்டியைத் திறந்தாங்களா?”

“எத்தனை தடவை சொல்றது? யாரும் இல்ல.”

“நீங்க?”

“நானா?” அவர் புரியாமல் பார்த்தார். “நான் யாராவதா? என் மெஷின். நான் திறக்காம?”

யாச்சின் டார்ச்சை அணைத்தாள்.

“எப்போ திறந்தீங்க?”

“அதுக்கு முந்தின நாள் விடியக்காலை. பிரேக் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு மோட்டாரைக் காய வெச்சுது. ரிலே செத்துப்போச்சு. இவன் வர்ற வரைக்கும் ஓடட்டும்னு ஒரு வயர் போட்டேன். பையனை அவ்வளவு பேச்சு பேசிட்டேன், அவன் எழுந்து வந்து பார்க்கிறப்போ மெஷின் ஓடணும்னு…” குரல் தடுமாறிச் சமாளித்தது. “சோதிச்சும் பார்த்தேன். நான் ஒண்ணும் தொழில் தெரியாதவன் இல்ல. இந்தப் பெரிய கைப்பிடியை இறக்கினேன். கரண்ட் போச்சு. டக்குன்னு பிரேக் பிடிச்சுது. தலை ஒரு முடி அசையல. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

 ஆய்வாளர் சாப்பாட்டு டப்பாவை மூடிக் கீழே வைத்தார்.

“வாடா சுவாங்,” என்றார் வெங். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் நண்பனிடம் பேசிய முதல் வார்த்தை. “வெளிய போலாம். டீ குடிக்கலாம் வா.” கையைப் பிடித்து இழுத்தார்.

“விடுடா. என்ன சம்பந்தம்னு கேட்டேன்.”

“ஒண்ணுமில்லடா.”

சுவாங் கையை உதறினார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். தொழிலாளியாக வாழ்ந்து முதலாளியான மனிதர். மற்றவர்கள் தன்னிடமிருந்து எதையோ மறைத்து வைக்கும்போது அவருக்கு வாசனை தெரியும்.

“கரண்ட் போடு,” என்றார்.

“சார்,” என்று ஆய்வாளரைப் பார்த்தாள் யாச்சின்.

ஆய்வாளர் தலைக்குக் கீழிருந்த மரக்கட்டைகளைத் தட்டிப் பார்த்தார். தலையசைத்தார். கிம்ஹோக் பெட்டியின் பெரிய கைப்பிடியை மேலே தூக்கினான்.

உள்ளே சப்ளையின் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. இயந்திரத்தின் வயிற்றில் ‘டக்’ என்று ஒரு ஓசை. பிரேக் விட்டது. தலை லேசாக அமர்ந்து, மரக்கட்டைகள் முனகின.

சுவாங் போய் சிவப்பு பட்டனுக்கு முன்னால் நின்றார். மகன் நின்ற இடம். உள்ளங்கையால் அமுக்கினார்.

‘டப்’ என்று மோட்டார் கரண்டின் சுவிட்ச் விழுந்தது. டிரைவின் முகத்தில் எழுத்துகள் சிவந்தன. மோட்டாருக்குப் போகும் கரண்ட் நின்றது. பிரேக் பிடிக்கும் ஓசைக்காக அவர் காதைத் தீட்டி நின்றார்.

வரவில்லை.

பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

இன்னொரு தடவை அமுக்கினார், அது ஏற்கனவே உள்ளே போயிருந்தும்.

“பிரேக் பிடிக்கலையேடா,” என்றார்.

வெங் சொல்லியாக வேண்டியிருந்தது. “பிடிக்காதுடா. பட்டன் மோட்டார் கரண்டை மட்டும்தான் நிறுத்தும். பிரேக்குக்குக் கரண்ட் கொடுக்கிற சின்ன சப்ளை அணையாது. என்ன கோளாறுன்னு டிரைவ் ஞாபகம் வெச்சுக்கணும்ல, அதுக்காக அதுக்கு லைனை அந்த சுவிட்சுக்கு முன்னாடியே எடுத்திருக்கும். நாம பழகின மோட்டார்ல அப்படிக் கிடையாது. நிறுத்தினா எல்லாம் நிக்கும். இது அப்படி இல்ல. பெரிய கைப்பிடியை இறக்கினாத்தான் எல்லாம் போகும்.”

“நான் கைப்பிடியைத்தான் இறக்கிப் பார்த்தேன்.”

“ஆமா.”

“அவன் பட்டனை அமுக்கினான்.”

“நான்தான்டா அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கையை உள்ள விடறதுக்கு முன்னாடி பட்டனை அமுக்குன்னு. சரியாத்தான் செஞ்சான்.”

சுவாங் பெட்டிக்கு வந்தார். நீல வயரின் நுனி அருகே விரலைக் கொண்டுபோனார். தொடாமல், அந்த ஈயத்தின் மேலாக விரல் காற்றில் நின்றது.

“பார்த்தவுடனே உனக்குத் தெரிஞ்சுது.”

“உன் ஈயத்தைத் தெரியாம இருக்குமா எனக்கு?”

“ஏன்டா சொல்லல? உன்னை ஜெயிலுக்கு அனுப்பறேன்னு ஊர் பூரா கத்திக்கிட்டுத் திரிஞ்சேனே.”

“எப்படிடா சொல்லுவேன்?”

பின்வாசலில் ஷியூலான் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கையில் ஊதுவத்திச் சாம்பல். மகன் தப்பு செய்யவில்லை என்பது அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. அதற்கு என்ன விலை என்பதும் சேர்ந்தே தெரிந்துவிட்டது. அவள் அழுதுகொண்டே நடந்து வந்து புருஷனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அடிக்கவா, தாங்கவா என்று அவளுக்கே புரியாத பிடி.

“சார்,” என்றார் சுவாங் ஆய்வாளரிடம். “யாரும் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே. அதை அடிச்சுடுங்க. நான்னு எழுதுங்க.”

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். “நாளைக்கு ஆபீஸ்ல வந்து சொல்லலாம். உட்காருங்க.”

“இப்பவே எழுதுங்க. நாளைக்கு எனக்கு தைரியம் வராது.”

ஆய்வாளர் பேனாவைத் தேடினார். சட்டைப் பையிலேயே இருந்தது. வெகுநேரம் தேடினார்.

யாச்சின் கிம்ஹோக்கின் முழங்கையைத் தொட்டாள். “அண்ணே, மெஷினை அணைச்சுடுங்க.”

அவன் போய், இரண்டு கையாலும் பெரிய கைப்பிடியைப் பிடித்து, சத்தம் வராமல் இறக்கப் பார்த்தான். முடியவில்லை. பச்சை விளக்கு மெல்ல மங்கி அணைந்தது.

இயந்திரத்தின் வயிற்றில் ‘டக்’ என்றது. பிரேக் இறுகப் பிடித்தது.

சுவாங் அதைக் கேட்டார். எல்லோரையும் பார்த்து, தன்னை நம்பச் சொல்லிக் கேட்பவர்போல, அந்தப் பாதி விரல்களை உயர்த்தி இயந்திரத்தைக் காட்டினார்.

“நான் சோதிச்சப்பவும் இப்படித்தான் பிடிச்சுது,” என்றார்.